நன்கொடை நிலைக்கும் வழி

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கிராமங்களில் பொதுக் காரியங்கள் தொடங்கப்பெறும் விதத்தையும் அவை ஓய்ந்து போகும் விதத்தையும் அங்கத்தினர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். ஒரு வாசகசாலை திறக்கப்படுகிறது. மாவிலைத் தோரணம் கட்டப்படுகிறது. பொருளுதவி செய்த கனவானுக்கு மாலை சூட்டப்படுகிறது. அவர் பெயர் பொறித்த கல் வாசலில் பதிக்கப்படுகிறது. மூன்றாம் வருஷம் அவ்வழியே செல்வோர் அந்தக் கல்லையும், அதனருகே தொங்கும் பூட்டையும் ஒருங்கே காண்கிறார்கள். வாசலில் பெயர் இருக்கிறது. உள்ளே விளக்கு இல்லை.

இதற்குக் காரணம் யாதென்று வினவினால், "கொடுப்பார் இல்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அது முழுதும் உண்மையன்று. முதன்முறை கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. அவர் இரண்டாம் முறை ஏன் கொடுக்கவில்லை என்பதே ஆராயத்தக்க விஷயம். புதிய தர்மவான்களைத் தேடி அலைவதிற் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கையேனும், முன்னரே கொடுத்தவர்களின் நம்பிக்கையைக் காப்பதிற் செலுத்தினால், அநேக ஸ்தாபனங்கள் பூட்டப்படாமல் நடைபெறும்.

ஒரு வாசகசாலையின் வரலாறு

ஓர் ஊரில் பின்வருமாறு நிகழ்ந்ததாகக் கொள்க. அவ்வூரிற் பிறந்து கோயம்புத்தூரில் நூல் வியாபாரம் செய்யும் ஒருவர், பிள்ளைகள் மாலை வேளைகளிற் படிப்பதற்குப் புஸ்தகங்கள் வாங்குமாறு 50,000 ரூபாய் கொடுத்தார். புஸ்தகங்கள் வாங்குவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, கூரை ஒழுகியது. காரியதரிசி நல்லவர், ஒரு காசும் தமக்கென எடுத்தறியாதவர். ஒழுகும் கூரையின் கீழ் புஸ்தகங்களை வைப்பது எங்ஙனம் என்று எண்ணி, அப்பணத்தில் 20,000 ரூபாயை ஓடு மாற்றுவதற்குச் செலவிட்டார். செலவு நியாயமானதே. ஆனால் கொடுத்தவருக்கு ஒரு வரியும் அவர் எழுதவில்லை.

சில மாதங்களுக்குப் பின் ஒரு கலியாண வீட்டில், "மாமா, நீங்கள் புஸ்தகத்துக்குக் கொடுத்த பணத்தில் ஓடு மாற்றிக்கொண்டார்களாமே!" என்று உறவுக்காரர் ஒருவர் அந்த வியாபாரியிடம் சொன்னார். வியாபாரி சண்டையிடவில்லை, கணக்குக் கேட்கவும் இல்லை. மறுவருஷம் சங்கத்தார் அவரை நாடிச் சென்றபோது, "இவ்வருஷம் வியாபாரம் மந்தம்" என்று மரியாதையாகச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். ஊரார் அவருக்குக் கை சுருங்கிவிட்டதென்று பேசிக்கொண்டனர். காரியதரிசியும் யோக்கியர், வியாபாரியும் யோக்கியர். இருவர்க்கும் இடையே எழுதப்படாத ஒரு கடிதத்தால் நஷ்டமடைந்தவர்கள், மாலை வேளையில் படிக்க வந்த பிள்ளைகளே.

நன்கொடையும் ஒருவகைக் கடனே

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். இந்தியாவில் 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தோன்றிய நாள் முதற்கொண்டு, பேரேடும் ரசீதும் தணிக்கையும் பொதுச் சபையும் சங்கங்களுக்குப் பழக்கமானவை. கிணறு வெட்டுவதற்கென்று கடன் வாங்கியவர் அதைக் கலியாணத்துக்குச் செலவிட்டால் சங்கம் அதனை ஒப்புவதில்லை. தவணை தவறும் நிலை வந்தால், தவணை நாளுக்கு முன்பே வந்து உண்மையைச் சொல்பவருக்குச் சங்கம் அவகாசம் கொடுக்கிறது. ஒளிந்து திரிபவருக்கு மறுகடன் கொடுப்பதில்லை.

நன்கொடைக்கு அசலும் இல்லை, வட்டியும் இல்லை. ஆகவே அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை என்று கருதுவதே முதற் பிழை. பணத்தைத் திருப்பித் தர வேண்டுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் திருப்பித் தர வேண்டியது ஒன்று உண்டு, அதுவே கணக்கு. எதற்கெனக் கொடுக்கப்பெற்றது, எவ்வளவு செலவாயிற்று, எவருக்குப் பயன்பட்டது, எவ்வளவு மீதி நிற்கிறது, எதிர்பார்த்ததில் எது நிறைவேறவில்லை என்னும் ஐந்து செய்திகளும் கொடுத்தவரை உரிய காலத்தில் அடையுமாயின் கடன் தீர்ந்தது. மறுமுறை கேட்பதற்கு உரிமையும் பிறந்தது. அவை அடையாவிடில் எவ்வளவு மாலை சூட்டினும் பயனில்லை.

சாவா மூவாப் பேராடு

தமிழ்நாட்டில் இம்முறை புதியதன்று. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், முதலாம் இராஜராஜன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையும் தேவியரும் கொடுத்தவற்றையும், அவற்றோடு மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லிற் பொறிக்குமாறு ஆணையிட்டான். அரசனுடைய பொன்னுக்குரிய கல்லிலேயே பிறருடைய சிறு கொடையும் இடம்பெற்றது என்பது கவனிக்கத்தக்கது.

அக்காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகள் விடப்பெற்றன. ஆட்டுக்குப் பதிலாக 48 பசுக்களையோ 16 எருமைகளையோ விடுவதும் உண்டு. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று கேட்கலாம். தனித்தனி ஆடு சாகும்; மந்தை சாகாது. கிழடு கழிந்த இடத்தைக் குட்டி நிரப்ப, 96 என்னும் தொகை மட்டும் குறையாது நிற்கும். ஆடுகளை ஏற்ற இடையர் பெயரோடு, உடன் பொறுப்பேற்ற உறவினர் பெயர்களும் கல்லில் எழுதப்பெற்றன. சங்கங்களில் இன்று ஜாமீன் எனப்படுவது அதுவே.

பணமாக அளிக்கப்பெற்ற அறங்களுக்கும் இதே ஒழுங்கு இருந்தது. தஞ்சைக் கோயிலின் காசை ஊர்ச் சபைகள் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வீதம், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி செலுத்தின. முதல் குறையாமல் நின்றது; வட்டியால் அறம் நடந்தது.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. கொடையை உண்டு தீர்க்காமல் முதலாகக் காக்க வேண்டும். அதற்குப் பெயர் குறித்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எவரும் படித்தறியக்கூடிய இடத்தில் அதனை எழுதி வைக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் விளக்கு அணைந்துவிடும்.

ஆனந்தில் நடந்தது

பழங்காலத்து ஆட்டு மந்தைக்குச் செய்தது இக்காலத்துப் பெருந்தொகைக்கும் ஏற்குமா என்ற ஐயம் எழலாம். அதற்குக் கூட்டுறவு இயக்கத்திலேயே விடை உண்டு. குஜராத்தில் கேடா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946-இல் பதிவு செய்யப்பெற்றது. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவர். 1949-இல் ஆனந்த் நகருக்கு வந்த வர்கீஸ் குரியன் அதன் நிர்வாகி ஆனார். 1955-இல் அங்கே திறக்கப்பெற்ற பால் பொடித் தொழிற்சாலைக்கு ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யுனிசெப் இயந்திரங்களை நன்கொடையாக உதவிற்று. அதற்கு ஈடாக ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகப் பால் வழங்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்றது. கொடுத்தவரின் நோக்கம் குழந்தைகளின் ஆரோக்கியம். பெற்றவரின் நோக்கம் உழவர் பாலுக்கு நிலையான விலை. இரண்டும் ஓர் ஒப்பந்தத்திற் பொருந்தியமையால், கொடுத்தவர் எஜமானராகவும் பெற்றவர் யாசகராகவும் நிற்க நேரவில்லை.

1970-இல் தொடங்கிய 'ஆபரேஷன் ஃபிளட்' என்னும் திட்டத்தில் இம்முறை பன்மடங்கு விரிந்தது. ஐரோப்பிய நாடுகளில் அப்போது பால் பொடியும் வெண்ணெய்க் கொழுப்பும் மிகுந்து கிடந்தன. உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக 1,26,000 டன் பால் பொடியும் 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பும் இந்தியாவுக்கு நன்கொடையாக ஒதுக்கப்பெற்றன. அவற்றை இனாமாக வாரி இறைத்திருந்தால், நகரங்களில் பால் விலை வீழ்ந்து, உள்நாட்டு உழவர் மாட்டை விற்றிருப்பார். அங்ஙனம் செய்யாமல், பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நகரங்களின் பால் பண்ணைகளில் அவை பாலாக்கப்பெற்று விலைக்கு விற்கப்பெற்றன. அவ்வாறு திரண்ட பணம் கிராமச் சங்கங்களுக்கும், பால் குளிரூட்டும் நிலையங்களுக்கும், தொழிற்சாலைகளுக்கும் முதலாயிற்று. திட்டம் மூன்று கட்டங்களாக 1996 வரை நடைபெற்றது. நன்கொடைப் பால் உள்நாட்டுப் பாலுக்குப் போட்டியாகும் என்று கண்டித்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர். அந்த அபாயம் மெய்யானதே. இலவசமாக வரும் பொருள் எதுவாயினும், அது ஊரின் உழைப்பைக் கெடுக்குமா, வளர்க்குமா என்று பெறுமுன் ஆராய வேண்டும் என்பதே அதன் பாடம்.

பணம் மட்டுமே கொடை அன்று

மதுரையில் கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அம்மருத்துவமனை கிராமங்களில் நடத்திவரும் கண் சிகிச்சை முகாம்களில் உள்ளூரார்க்கு உரிய பங்கு தெளிவாக வகுக்கப்பெற்றுள்ளது. இடம் ஏற்பாடு செய்வதும், சுற்றியுள்ள ஊர்களுக்குச் செய்தி அறிவிப்பதும், முகாமுக்கு வேண்டிய சில்லறைச் செலவுகளை ஏற்பதும் லயன்ஸ் சங்கத்தார், ரோட்டரி சங்கத்தார், வர்த்தகர், ஆலைகள் முதலிய உள்ளூர் ஆதரவாளரின் கடமை. மருத்துவரை அனுப்புவதும் சிகிச்சை செய்வதும் மருத்துவமனையின் கடமை.

சத்திர சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும், கண் புரை உடையோர் பலர் ஆரம்ப காலத்தில் வரவில்லை. ஆராய்ந்தபோது, பஸ் சார்ஜுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமையும், துணைக்கு ஆள் இல்லாமையும், அச்சமும் தடைகள் எனத் தெரிந்தது. அதன் பின்னர் மதுரைக்கு அழைத்துச் செல்வதற்கும் உணவுக்கும் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கும் ஏற்பாடு செய்யப்பெற்றது. குறையை மறைக்காமல் கண்டறிந்து திருத்தும் ஸ்தாபனத்தோடு இணைந்திருக்க ஆதரவாளர்கள் விரும்புவது இயல்பு. மேலும், தம் ஊர்ப் பாட்டி ஒருத்தி கட்டுப் பிரித்துப் பேரனின் முகத்தைப் பார்ப்பதை நேரிற் கண்டவரிடம் அடுத்த முகாமுக்கு விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. நாள் குறித்தால் போதும்.

கிராமச் சங்கம் கைக்கொள்ள வேண்டிய முறை

இவற்றைக் கிராம அளவுக்குச் சுருக்கினால், சங்கத்தார் செய்ய வேண்டுவன வருமாறு.

முதலாவது, கேட்குமுன் ஊர் தன் பங்கைத் தீர்மானிக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை ரூபாய், எத்தனை மாதம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, அதில் ஊரார் தரும் பணமோ உழைப்போ எவ்வளவு என்பதையும் குறிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் மண்வேலையாயினும் அது கொடையே. தானே ஒன்றும் கொடாத ஊர் பிறரிடம் கேட்பது அழகன்று.

இரண்டாவது, நன்கொடையாளர் பதிவேடு ஒன்று சங்கத்தில் இருத்தல் வேண்டும். கொடுத்தவர் பெயர், விலாசம், தேதி, தொகை, கொடுத்த நோக்கம், ரசீது எண், நன்றிக் கடிதம் எழுதிய தேதி, கணக்கு அனுப்பிய தேதி, நேரில் வந்த தேதி, அவர் கூறிய யோசனை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பல ஊர்களில் இவை யாவும் காரியதரிசியின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. காரியதரிசி மாறியதும் உறவும் அறுந்துபோகிறது. உறவு ஆளோடு போகாமல் ஸ்தாபனத்தோடு நிற்பதற்குப் பதிவேடே துணை.

மூன்றாவது, ரசீதும் நன்றிக் கடிதமும் ஒரு வாரத்துக்குள் செல்ல வேண்டும். நன்றிக் கடிதத்தில் வேறு எதையும் கேட்கலாகாது. நன்றி சொல்லும் வாயால் மறு உதவியும் கேட்டால், முன் சொன்ன நன்றி விண்ணப்பத்தின் முகவுரை ஆகிவிடும்.

நான்காவது, பணம் செலவாகத் தொடங்கியபின் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் நான்கு வரியில் நிலைமையைத் தெரிவிக்க வேண்டும். வருஷ முடிவில் தணிக்கை செய்யப்பெற்ற கணக்கை அனுப்ப வேண்டும். அக்கணக்கின் ஒரு பிரதி ஊர்ச் சாவடியிலும் ஒட்டப்பெற வேண்டும். வெளியூர்க் கனவானுக்குக் காட்டும் கணக்கை உள்ளூர்க் கூலிக்காரருக்குக் காட்டக் கூசும் சங்கத்தில் ஏதோ பிழை இருக்கிறது.

ஐந்தாவது, கெட்ட செய்தியை முதலிற் சொல்ல வேண்டும். கட்டடம் தாமதமானால், விலை ஏறினால், வந்த பிள்ளைகள் குறைந்தால், அதனைச் சங்கத்தின் வாயிலாகவே நன்கொடையாளர் அறிய வேண்டும். அதே செய்தி பிறர் வாயிலாகச் சென்றால் குற்றச்சாட்டாக மாறிவிடும்.

ஆறாவது, ஒருவரையே நம்பி நிற்கலாகாது. ஒருவர் 1,00,000 ரூபாய் கொடுப்பது எளிது போலத் தோன்றும்; அவர் காலமானாலோ தொழில் நொடித்தாலோ ஸ்தாபனமும் உடன் நொடிக்கும். வருஷந்தோறும் 500 ரூபாய் வீதம் கொடுக்கும் 200 பேர் சேர்ந்தால் அதே தொகை ஆகிறது. அவர்களுள் பத்துப் பேர் விலகினும் விளக்கு எரியும்.

ஏழாவது, பெற்றதில் ஒரு பங்கை நிலைநிதியாக வைப்பதற்கு நன்கொடையாளரின் சம்மதம் பெற வேண்டும். விதை நெல்லைக் குத்திச் சோறாக்கும் குடும்பம் மறுபோகத்துக்குக் கடனாளி ஆகும்.

கம்பெனிகளின் உதவி

தனி மனிதரைப் போலவே தொழிற் கம்பெனிகளும் இக்காலத்தில் பொதுக் காரியங்களுக்கு உதவுகின்றன. இந்தியாவில் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் இதனைப் பெரிய கம்பெனிகளுக்குக் கடமையாக்கிற்று. அவ்விதி 2014 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகரச் சொத்தோ, 1,000 கோடி ரூபாய் விற்று முதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உடைய கம்பெனி, முந்திய மூன்று வருஷங்களின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. இவ்வரம்புகள் திருத்தத்துக்கு உட்பட்டவை. ஆதலின் விண்ணப்பிக்குமுன் தணிக்கையாளரைக் கலந்துகொள்க. கம்பெனி தொழில் நடத்தும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆகையால் தொலைதூரத்துப் பேர் பெற்ற கம்பெனியைத் தேடுமுன், பக்கத்திலுள்ள ஆலையையும் சிமெண்டுத் தொழிற்சாலையையும் அணுகுவதே முறை.

கம்பெனிக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. தன் சரக்குக்கு விளம்பரம் தேடிச் செய்யும் உதவியும், தன் சிப்பந்திகளுக்கு மட்டும் பயன்படும் உதவியும், அரசியற் கட்சிக்குக் கொடுக்கும் பணமும் இக்கணக்கிற் சேரா. கொடுத்த பணம் குறித்த காரியத்துக்கே செலவாயிற்று என்று கம்பெனியின் நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்ற விதி 2021-இல் ஏற்பட்டது. கிராமத்திலிருந்து ரசீதுகள் வராவிடில் அவர் எங்ஙனம் சான்றளிப்பார்? ஆகவே கணக்கைக் காலத்தில் அனுப்பும் சங்கம் கம்பெனிக்குச் சுமையாவதில்லை. அதன் சுமையைக் குறைக்கிறது. அவ்வுறவே நீடிக்கும். கம்பெனிகளின் கணக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், பங்குனி மாதத்தில் ஓடிச் சென்று கேட்பதை விட்டு, வருஷத் தொடக்கத்திற்கு முன்பே யோசனையைச் சமர்ப்பித்தல் நலம்.

இங்கே ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினரின் சொத்து. தர்ம நிதி பொதுமக்களின் சொத்து. இரண்டையும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது. கம்பெனிகளின் வாயிலாகக் காரியம் நடத்த விரும்பும் ஊரார், தனியே ஒரு பொது டிரஸ்டையோ சங்கத்தையோ பதிவு செய்து, வருமான வரிச் சலுகைக்குரிய பதிவையும் பெறுதல் வேண்டும். அத்தகைய ஸ்தாபனங்கள் கம்பெனி விவகார மந்திரி இலாகாவிலும் பதிந்துகொள்ள வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் விதியாயிற்று. தனி மனிதர் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிச் சலுகை பெறும் உச்ச வரம்பு 2017-இல் 2,000 ரூபாயாகக் குறைக்கப்பெற்றது. ஆதலின் பெருந்தொகைகளைப் பாங்கியின் மூலமே பெறுவது கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் நன்று.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் ஊர்க்காரர்களிடம் உதவி கேட்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்பவர் தம் சேமிப்பிலிருந்து பாங்கியின் மூலம் அனுப்பும் பணம் ஒருவகை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பும் பணம் வேறுவகை. பின்னது 2010-ஆம் வருஷத்து அந்நிய நன்கொடைச் சட்டத்துக்கு உட்பட்டது; அரசாங்கப் பதிவோ முன் அனுமதியோ இன்றி அதனைப் பெறலாகாது. பாசத்தோடு அனுப்பிய பணம் வழக்கில் முடியாமல் காப்பதும் நன்கொடையாளருக்குச் செய்யும் மரியாதையே.

இருபுறத்து மானமும் காக்கப்பெற வேண்டும்

நன்கொடையாளரை நிலைநிறுத்துதல் என்றால் அவர் சொன்னதற்கெல்லாம் தலையசைத்தல் என்று பொருள் கொள்ளலாகாது. கொடுத்தவர் சங்கத் தேர்தலில் தம் மருமகனை நிறுத்தச் சொன்னாலும், ஒரு தெருப் பிள்ளைகளை வாசகசாலையிற் சேர்க்கலாகாது என்றாலும், அப்பணத்தை வணக்கத்தோடு திருப்பித் தருவதே தகுதி. அங்ஙனம் ஒரு முறை மறுத்த சங்கத்தின் மதிப்பு ஏனைய நன்கொடையாளரிடம் உயருமேயன்றித் தாழாது. அவ்வாறே, உதவி பெறும் ஏழைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்து அனுப்புவதும் தவிர்க்கத்தக்கது. பெறுபவர் ஊரின் அங்கத்தினர். காட்சிப் பொருள் அல்லர். பயன் பெற்ற பிள்ளை தன் விருப்பத்தோடு தன் கையால் எழுதும் இரண்டு வரி, பத்துப் புகைப்படங்களைவிடக் கொடுத்தவரின் மனத்தில் நிற்கும்.

எழுதப்படாத அந்தக் கடிதம்

முற்கூறிய வாசகசாலைக்குத் திரும்பலாம். கூரை ஒழுகிய அன்று காரியதரிசி செய்திருக்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் அன்று. பின்வருமாறு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும்:

"ஐயா அவர்களுக்கு வணக்கம். புஸ்தகங்களுக்கெனத் தாங்கள் அளித்த 50,000 ரூபாயும் பாங்கியில் பத்திரமாக இருக்கிறது. இந்த மழையில் வாசகசாலைக் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற 20,000 ரூபாய் ஆகுமென்று தச்சர் கூறுகிறார். அதில் 8,000 ரூபாயை ஊரார் சேர்த்துத் தருகின்றனர். மீதி 12,000 ரூபாயைத் தங்கள் நன்கொடையிலிருந்து எடுக்கத் தங்கள் சம்மதம் வேண்டும். சம்மதமில்லையாயின் அப்பணத்தைத் தொடாமல் வேறு வழி தேடப்படும். தை மாதத்தில் ஊருக்கு வரும்போது அவசியம் வாசகசாலைக்கு வந்து பார்க்கக் கோருகிறோம்."

இக்கடிதத்தில் புகழ்ச்சி இல்லை, கெஞ்சுதலும் இல்லை. பணம் எங்கே இருக்கிறது, என்ன நேர்ந்தது, ஊர் என்ன செய்கிறது, எதற்குச் சம்மதம் வேண்டும் என்பவை மட்டுமே உள்ளன. இதைப் பெற்றவர் 12,000 ரூபாய்க்குச் சம்மதித்திருக்கலாம்; கூரைக்கென்று தனியே வேறு தொகை அனுப்பியிருக்கவும் கூடும். மறுத்திருந்தாலும் அடுத்த வருஷம் அவர் வாசலில் சங்கத்தார் தலைநிமிர்ந்து நின்றிருக்கலாம்.

அங்கத்தினர்கள் தம் ஊருக்குத் திரும்பியதும் முதலில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கடந்த ஐந்து வருஷங்களில் பள்ளிக்கோ, குளத்துக்கோ, வாசகசாலைக்கோ ஊருக்கு உதவியவர் எவரெவர் என்று ஒரு தாளில் எழுதுக. அவருள் எத்தனை பேருக்கு அப்பணம் என்னாயிற்று என்று தெரியும் என எண்ணிப் பார்க்க. தெரியாதவர் ஒவ்வொருவருக்கும், காலம் கடந்ததெனக் கூசாமல், உண்மையான கணக்கை எழுதி அனுப்புக. அதிற் குறை இருப்பின் குறையையும் எழுதுக. அக்கடிதத்தில் ஒரு காசும் கேட்க வேண்டாம். பூட்டிய கதவுகளுள் சில அக்கடிதங்களாலேயே திறக்கும்.